சமவெளி ஓட்டுநரும் ஏற்காட்டு ஏற்றமும்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே வண்டியோட்டிப் பழகியவர்க்கு ஏற்றம் என்பது ஆற்றுப் பாலத்தின் ஏற்றமே. கடலூரில் கேப்பர் மலை உண்டே என்பீர்கள். அது செம்மண் மேடு; கடற்கரை மக்களாகிய நாம் அதனை மலையென்று அழைத்து மகிழ்கிறோம்!

இம்மண் கற்பிக்கும் டீசல் சிக்கனம், விரைவில் மேல் கியருக்கு மாறி இன்ஜினை மெல்ல ஓடவிடுவதாகும். சமவெளிக்கு அது நன்று. ஆனால் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கேரவனிலோ வேனிலோ நெய்வேலி, விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தை அடைந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது, அதே பழக்கம் பகையாகிறது.

சேலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். 5 டன் வண்டியை அவ்வுயரத்திற்குத் தூக்க ஏறத்தாழ 6 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் உண்டெனினும், இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கையே உழைப்பாக மாற்றும். எனவே தூக்குவதற்கு மட்டுமே 5 லிட்டர் செலவாகும். எத்துணைத் திறமையாலும் இதனைத் தவிர்க்க இயலாது. வீணாவதைத்தான் தடுக்கலாம்.

மேல் கியரில் இன்ஜின் திணறினால் கரும்புகை எழும். அது முழுதும் எரியாத டீசல். வேகம் தளர்ந்தபின் கியரைக் குறைப்பது காலங்கடந்த செயல். வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். சிறு டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றிற்கு நிமிடத்திற்கு 1500 முதல் 2500 சுற்றுகள் வரை இழுவை நன்றாக இருக்கும். இரு வளைவுகளுக்கு இடையே பாய்ந்து சென்று மீண்டும் பிரேக் பிடிப்பவர், வாங்கிய டீசலைப் பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறார். வெப்பமானியையும் நோக்குக, முள் உயர்ந்தால் குளிர்சாதனத்தை நிறுத்துக. கேரவனின் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மேலே சென்று நிரப்பலாம். அதனால் மிஞ்சுவது கால் லிட்டர் டீசலுக்கும் குறைவே. ஆயினும் இன்ஜினின் சுமை குறையும்.

குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டின் சாலை விதி. சரிவில் நின்றுவிட்ட பாரவண்டியை மீண்டும் கிளப்புவதன் துன்பம் கிளட்சுக்குத் தெரியும்.

இறங்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து. நியூட்ரலில் உருளவிட்டு டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணுவோர் நம்மிடையே பலர். அது சிக்கனமே அன்று. இக்கால டீசல் இன்ஜின், கியரில் இருந்தபடி இறங்கும்போது எரிபொருளைத் தானே நிறுத்திவிடும், நியூட்ரலிலோ தொடர்ந்து எரிக்கும். முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழ, அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஏறிய அதே கீழ்க் கியரிலேயே இறங்குக. அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரங்களின் அருகே சென்று நில்லுங்கள். கருகல் வாடை வீசினால், அடுத்த முறை இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும்.