வேடிக்கை பார்த்தவள்

கந்தூரிக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு ஜவ்வு மிட்டாய்க்காரர்கள் வந்துவிடுவார்கள். தோளில் உயரமான மூங்கில் கழி, அதன் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை. பொம்மைக்குக் கீழே பாலிதீன் தாள் சுற்றிய மிட்டாய், ரோஸும் வெள்ளையும் வரிவரியாக. கையைத் தட்டித் தட்டி அந்தப் பொம்மைதான் எங்களைக் கூப்பிடும். மிட்டாய்க்காரர் இழுப்பார், முறுக்குவார். கண்மூடித் திறப்பதற்குள் கைக்கடிகாரம், மயில், தேள். மணிக்கட்டில் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, ஒரு துணுக்கைக் கன்னத்திலும் ஒட்டிவிடுவார்.

எனக்கு மிட்டாயைவிட இரண்டு கேள்விகள் பெரிதாக இருந்தன. அவ்வளவு உயரத்தில் இருக்கும் பொம்மை எப்படிக் கை தட்டுகிறது? எல்லாம் ஒரே சீனிப் பாகுதான் என்றால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஒரு சாயங்காலம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது பெரியம்மா வந்து தோளைப் பிடித்தார். "குமரு புள்ள, தெருவுல நின்னு வேடிக்க பாக்குறியா?" எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாளிலிருந்து மிட்டாய் வாங்கத் தம்பிதான் போனான்.

மிட்டாய்க்கு ஒரு குறையும் இல்லை. கடிகாரமும் மயிலும் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தன. அவற்றைச் செய்வதைப் பார்ப்பதுதான் நின்றுபோனது. "பொம்மை எப்படிடா கை தட்டுது?" என்று தம்பியிடம் கேட்டேன். "அது தட்டும்" என்றான். நிற்க அனுமதி இருந்தவனுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

ஒரு மத்தியானம் சீனியும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சினேன். கையில் நெய் தடவிக்கொண்டு பாகை இழுத்தேன். விரல் சுட்டது. மடித்து மடித்து இழுக்க, கண்ணாடிபோல் இருந்த பாகு என் கையிலேயே வெளுத்தது. காற்று நுண்குமிழ்களாக உள்ளே புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது, அதனால்தான் வெள்ளை. எலுமிச்சையின் புளிப்பு சீனியை மறுபடி கல்கல்லாகக் கட்டவிடாமல் தடுக்கிறது. இதையெல்லாம் கல்லூரியில் படித்தேன். பார்த்தது அடுப்படியில். தூக்கம் கலைந்து வந்த உம்மா திட்டவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.

இதே ஊரில்தான் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் இருந்தார். 1938-இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை எழுதினார். எங்கள் பள்ளியில் ஒருவரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. தெருவில் நிற்கக் கூடாதென்று வளர்ந்த பெண்கள், வீட்டுக்குள் எத்தனை கேள்விகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

போன கந்தூரிக்கு உம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஒரு மிட்டாய்க்காரர் முன்னால் நின்றேன். "அண்ணே, பொம்மை எப்படிக் கை தட்டுது?" அவர் சிரித்துக்கொண்டே கழியோடு இறங்கிய ஒரு நூலைக் காட்டி, விரலால் சுண்டினார். உச்சியில் பொம்மை தட்டியது.

"இவ்வளவுதானா!" என்றார் உம்மா. அறுபது வருஷமாக அவரும் அதைக் கேட்காமல் வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பதில் கிடைத்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. நடுத்தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.