ஒரே தாய் இட்ட முட்டை

என்னைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய வீடு, தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பியது. அவளுக்குப் படிப்பு பிறவியிலேயே வந்தது என்பார்கள் உறவுக்காரர்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கூட்டைப் பிரிக்கும்போது, ராணி இல்லாத பாதிக்கு முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றைக் கொடுப்போம். தேனீக்கள் சீக்கிரமே சில புழுக்களின் அறைகளை அகட்டி, கீழ்நோக்கித் தொங்கும் ராணி அறைகளாக்கிவிடும். முந்தின நாள்வரை பணித் தேனீயாக வளர்ந்த புழுக்கள் அவை. எல்லாப் புழுவுக்கும் முதல் மூன்று நாள் செவிலித் தேனீக்கள் சுரக்கும் பால்தான் உணவு. பிறகு மற்றவற்றுக்குத் தேனும் மகரந்தமும் கலந்துவிடும். ராணிப் புழுவுக்குக் கடைசிவரை பால்தான். மேற்கத்தியத் தேனீயில் ராணி 16 நாளில் வெளிவந்துவிடும், பணித் தேனீக்கு 21 நாள். ராணியின் ஒவ்வொரு சினைப்பையிலும் நூற்றுக்கு மேல் முட்டைக் குழல்கள் இருக்கும். பணித் தேனீக்குப் பெரும்பாலும் பத்துக்குள்தான்.

மரபணு ஒன்றாயிருக்க இத்தனை வேறுபாடு எப்படி வருகிறது? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாலெஷ்கா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வைத் தங்கைதான் எனக்கு வாசித்து விளக்கினாள். டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டும் நொதி ஒன்று உண்டு. இளம்புழுக்களில் அந்த நொதியை உருவாக்கும் மரபணுவை அவர்கள் அடக்கினார்கள். உணவில் எந்த மாற்றமும் இல்லை; ஆனாலும் பெரும்பாலான புழுக்கள் ராணிகளாக வளர்ந்தன. மரபணுக்களில் எவை இயங்கும், எவை அடங்கும் என்பதில்தான் விதி இருக்கிறது. பாலும் மகரந்தமும் அந்தக் கணக்கைத்தான் மாற்றுகின்றன.

"அப்போ நீயும் படிச்சிருப்பேக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்மேல் உள்ளூரப் பொறாமை வைத்திருந்தேன் என்பதை அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

ஆனால் பணித் தேனீயை அரைகுறை ராணி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதன் பின்னங்காலில் மகரந்தக் கூடை இருக்கிறது, வயிற்றில் மெழுகுச் சுரப்பி இருக்கிறது. ராணிக்கு இரண்டும் கிடையாது. அதற்கு ஊட்டிவிடக்கூட ஆள் வேண்டும்.

புழுவுக்கு மூன்று, மூன்றரை நாளில் எல்லாம் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பால் கொடுத்தாலும் முழு ராணி ஆகாது. மனுஷிக்கு அப்படியொரு கெடு இல்லை. திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறேன், உயிரியலும் எடுத்திருக்கிறேன். அடுத்த தேர்வுக்குக் காத்திராமல் அக்டோபர் தேர்வையே எழுதப்போகிறேன். ஜனவரியில் ரப்பர் தளிர்த்துவிட்டால் தேன் காலம்; பெட்டிகளை விட்டு நகர முடியாது.