பல்லும் சொல்லும்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. பழமொழிகளுட் சில மிகைபடக் கூறுவன. இஃது அவ்வகையினது அன்று. எழுத்துக்களின் பிறப்பை ஆராய்ந்த தமிழிலக்கண நூலார், தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்துதலாற் பிறக்கும் என்றும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைதலாற் பிறக்கும் என்றும் வகுத்துரைத்தனர். ஆகவே மேல்வாயின் முன்பல் ஒன்று வீழ்ந்துவிடின், ஏனையோர்க்கு அஃது அழகின் குறைவு. தமிழ் கற்பிக்கும் தொழிலினர்க்கோ தொழிற்கருவியே பழுதுற்றதாகும்.

2016-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வண்டி விபத்தொன்றில் யான் அத்தகைய பல் ஒன்றை இழந்தேன். அதன் பின்னர்ச் சில மாதங்கள் வகுப்பறையில் யான் பட்ட இடர் கொஞ்சமன்று. வகரத்தை ஒலிக்குமிடத்துக் காற்று முந்திக்கொள்ளும்; முன் வரிசை மாணவர் மரியாதையினால் நகையை அடக்கிக்கொள்வர்; அவ்வடக்கமே எனக்கு நகையினும் மிகுந்த துன்பத்தை விளைத்தது. அடுத்த ஆண்டில், இக்காலத்தார் ‘இம்ப்ளாண்ட்’ என வழங்கும் உலோக வேரொன்றை என் தாடை எலும்பில் ஊன்றி, அதன்மேற் பீங்கானாலாகிய பல்லொன்றைப் பொருத்தினர். மீண்டும் வகரம் வகரமாயிற்று.

இவ்வுலோக வேரின் வரலாறு சுவையுடையது. சுவீடன் தேசத்தவராகிய பெர்-இங்வர் பிரோனெமார்க் என்னும் அறிஞர் 1952-ஆம் ஆண்டில், உயிருள்ள எலும்பினுள் இரத்தம் ஓடுமாற்றை நுண்பெருக்கியாற் காணும்பொருட்டு, முயலின் கால் எலும்பில் டைட்டேனியம் என்னும் உலோகத்தாலாகிய சிறு கூடொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்தபின் அதனை எடுக்க முயன்றபோது அஃது எலும்போடு எலும்பாய்ப் பற்றிக்கொண்டிருந்தது. எடுக்க இயலாமையைத் தடையென எண்ணாது, அதனையே ஒரு பயனாகக் கண்டார் அவ்வறிஞர். 1965-ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதர்க்கு இவ்வகைப் பல்வேர்கள் ஊன்றப்பட்டன. அவர் 2006-ஆம் ஆண்டில் இறக்குங்காறும் அவற்றைக் கொண்டே உண்டு வாழ்ந்தார். 1982-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரிற் கூடிய மாநாட்டின் பின்னரே பிற நாட்டு வைத்தியர் இம்முறையைப் பெரிதும் ஏற்றுக்கொண்டனர்.

உலோகத்திற்குச் சொத்தை விழாது. அது பற்றி, ஊன்றிய பல்லுக்கு நோயே இல்லையென்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. இயற்கைப் பல்லின் வேரைச் சூழ நின்று, அதனை எலும்போடு பிணிக்கும் நுண்ணிய நார்கள் உள்ளன; அவை கூடாரத்தைத் தாங்கும் கயிறுகள்போல வேரினுள்ளேயே முனை பதித்து நிற்கும். உலோக வேருக்கு அத்தகைய நார்க்கட்டு இல்லை. ஆண்டு ஈறு சட்டையின் கழுத்துப்பட்டைபோலச் சுற்றி வளைத்து நிற்பதன்றி உலோகத்தினுள் வேரூன்றுவதில்லை. எனவே கிருமிகள் அவ்விடத்தைக் கடந்துவிடின், அழற்சி எலும்பை நோக்கி விரைந்து இறங்குகின்றது.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல் துலக்குங்கால் அவ்வீற்றினின்று சிறிது குருதி கசியக் கண்டேன். நோவு சிறிதுமில்லை. நோவின்மையே இந்நோயின் வஞ்சகம் எனப் பின்னர் அறிந்தேன். ஈறு மட்டும் வீங்கிச் சிவக்கும் முதல் நிலையில் தூய்மை செய்தால் முற்றும் மீளலாம். எலும்பு கரையத் தொடங்கிய இரண்டாம் நிலை அத்துணை எளிதன்று. வைத்தியர், அளவுக்கோடிட்ட மெல்லிய கம்பியொன்றை ஈற்றின் ஓரத்தில் மெல்லச் செலுத்திப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். பின்னர் எக்ஸ்ரே படம் எடுத்தார். பீங்கான் பல்லைப் பொருத்திய நாளில் எடுத்த பழைய படத்தை யான் பேணி வைத்திருந்தமையால், இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் கூடிற்று. அத்தகைய படம் இல்லாதவிடத்து, பள்ளம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் எலும்பின் தாழ்வு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்து, குருதியும் கசியுமாயின் நோய் உண்டென்று கொள்ளலாம் என 2017-ஆம் ஆண்டில் சிக்காகோவிற் கூடிய உலகப் பல்லீறு வைத்தியர் வரையறுத்தனர். என் திறத்தில் எலும்பு தாழ்ந்திருந்ததில் ஐயமே இல்லை. காரணமும் புலனாயிற்று: பீங்கான் பல்லை ஒட்டிய பசையிற் சிறு துணுக்கொன்று ஈற்றின்கீழ் எஞ்சிக் கிடந்தது, அதனைப் பற்றிக்கொண்டு கிருமிகள் குடியேறியிருந்தன.

இனிச் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, உலோக வேரை அறவே களைந்து, எலும்பை நிரப்பி, அது முதிருங்காறும் காத்திருந்து மீண்டும் ஊன்றுதல். மற்றொன்று, ஈற்றைத் திறந்து, மாசுற்ற உலோகத்தைத் துப்புரவாக்கி, உடம்பு தானே ஆற்றிக்கொள்ள வழிவிடுதல். எனக்கோ பணியில் எஞ்சியது இரண்டே ஆண்டுகள்; அவற்றுள் ஓராண்டைப் பல்லின்றிக் கழிக்க மனம் ஒருப்படவில்லை. ‘துப்புரவு செய்தால் எலும்பு மீளுமா?’ என வினவினேன். வைத்தியர் உறுதிமொழி யாதும் கூறாது, ‘நோயை நிறுத்துதல் முதல் நோக்கம், எலும்பு மீளுமாயின் அது கூடுதல் ஊதியம்’ என்றார். பொய்யான நம்பிக்கையினும் அவ்விடை எனக்கு மிக்க ஆறுதல் தந்தது.

ஒரு திருகாணியைத் துடைப்பதில் என்ன அருமை என்று நண்பர்கள் வினவலாம். அருமை அதன் மேற்பரப்பில் உள்ளது. எலும்பு நன்கு பற்றும்பொருட்டு அவ்வுலோகத்தின்மீது நுண்மணலை வீசியும் அமிலத்தில் தோய்த்தும் சொரசொரப்பாக்குகின்றனர். அச்சொரசொரப்பில் உள்ள குழிகள் மிக நுண்ணியவை. எலும்பு பற்றுதற்கு அமைத்த அக்குழிகளே, உலோகம் வெளிப்பட்டபோது, கிருமிகள் ஒளிதற்கு அரணாகின்றன. திருகின் புரிகளோ மற்றொரு தடை. மேற்புரியின் நிழலிலுள்ள கீழ்ப்பகுதிக்குக் கருவியின் நுனி செல்வதில்லை.

அன்றியும் கிருமிகள் தனித்தனியே வாழ்வனவல்ல. பிசின் போன்ற ஒரு படலத்தைத் தாமே சுரந்து, அதனுட் குழுமி வாழ்கின்றன. ஒல்லாந்து தேசத்து அந்தோனி வான் லேவன்ஹூக் என்பார் 1683-ஆம் ஆண்டில், தம் பல்லின் மாசைச் சுரண்டி நுண்பெருக்கியின்கீழ் வைத்து, அதில் அசையும் சிற்றுயிர்களைக் கண்டு இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். காடியினால் வாய் கொப்பளித்தபோது மாசின் புறத்தே இருந்த உயிர்களே மடிந்தன. அகத்தே காடி ஊடுருவவில்லை என்பதையும் அவர் அப்பொழுதே குறித்தார். மருந்து நீரை மட்டும் ஊற்றி இப்படலத்தை அழித்தல் அரிது என்னும் இக்கால அறிவுக்கு அவர் கூற்று முன்னோடி. மேலும், கிருமிகள் மடிந்தாலும் அவற்றின் உடற்சிதைவிலுள்ள நஞ்சு உலோகத்தில் ஒட்டி நின்று அழற்சியை வளர்க்கும். ஆகவே கொல்லுதல் வேறு, துப்புரவாக்கல் வேறு.

துப்புரவாக்கும் வழிகள் பல. ஒவ்வொன்றிற்கும் ஒரு குறையுண்டு. எஃகுக் கருவி டைட்டேனியத்தைக் கீறும். பிளாஸ்டிக் கருவி கீறாதெனினும் தன் துகள்களைச் சொரசொரப்பில் விட்டுச் செல்லும். டைட்டேனியக் கம்பிகளாலாகிய சுழல் தூரிகை புரிகளினிடையே நன்கு செல்லும். ஆயினும் உலோகத் துகள் உதிரும். கிளைசின் என்னும் மென்பொடியைக் காற்றோடும் நீரோடும் கலந்து பீச்சும் முறை, உலோகத்தைக் கெடுக்காமற் படலத்தை அகற்ற வல்லது. காற்று தசையினுட் புகாமற் காத்தல் வேண்டும். லேசர் ஒளியில் ஒருவகை, நீரினால் மிகுதியாக ஈர்க்கப்படுவதாதலின், படலத்திலுள்ள நீரைத் திடுமென ஆவியாக்கி அதனைச் சிதறச் செய்யும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சிட்ரிக் அமிலமும் துணை மருந்துகளாவன. குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லுமெனினும், உலோகத்தில் தங்கி எலும்பின் உயிரணுக்களுக்கு இடையூறு செய்யக்கூடும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அண்மையில் மற்றொரு முறையும் வந்துளது: உப்புக் கரைசலொன்றை வேரின்மீது பாய்ச்சி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றிப் படலத்தை அடியிலிருந்து பெயர்த்தெடுக்கும். இவற்றுள் இதுவே தலைசிறந்ததென நிலைநாட்டப்பட்டது ஒன்றுமில்லை. வைத்தியர் இரண்டு மூன்றைக் கூட்டிக் கையாளுகின்றனர்.

எனக்கு முதலில் ஈற்றைத் திறவாமலே தூய்மை செய்து பார்த்தனர். குருதி குறைந்ததேயன்றி நிற்கவில்லை. பின்னரே அறுவை செய்யப்பட்டது. மரத்துப்போகும் ஊசியிட்டு, ஈற்றை விலக்கி, பசைத் துணுக்கையும் அழுகிய தசையையும் அகற்றி, தூரிகையாலும் மென்பொடியாலும் துலக்கி, உப்புநீரில் நனைத்த துணியாற் பன்முறை துடைத்துத் தைத்தனர். ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆயிற்று. அதிற் பெரும்பகுதி ஒரு சிறு திருகின் நான்கைந்து புரிகளைத் துடைப்பதிலேயே கழிந்ததென்று பின்னர்க் கூறினர். ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் எலும்பு மேலும் தாழவில்லை. ஓரத்திற் சிறிது நிரம்பியுமிருந்தது. ஈறு சற்றே ஏறிவிட்டமையாற் பல் முன்னையினும் நீண்டு தோன்றுகின்றது. ஆயினும் பாடம் சொல்லுதற்கு அஃது இடையூறன்று.

இவ்வனுபவத்தில் என் மனத்திற் பதிந்தது ஒன்று. நாய்களிடத்து நிகழ்த்திய ஆராய்ச்சிகளில், வழவழப்பான உலோகத்தைக் காட்டிலும் சொரசொரப்பான உலோகமே, நன்கு துப்புரவானபின், எலும்பை மிகுதியும் மீட்டுக்கொண்டது. பகைக்கு இடங்கொடுத்த அதே குழிகள், மாசு நீங்கியபின் உறவுக்கு இடங்கொடுத்தன. பிறவற்றைப் பற்றும் இயல்புடைய இளநெஞ்சுகளை நாடோறும் எதிரே காணும் ஆசிரியனுக்கு இச்செய்தி வெறும் உலோகச் செய்தியாய்த் தோன்றவில்லை.

மாணவ நண்பர்காள், உங்கள் இல்லத்துப் பெரியோர்க்கு இத்தகைய பல் இருக்குமாயின், மூன்று சொற்களை அவர்கட்குச் சொல்லுங்கள். பல்லிடுக்கைத் துலக்கும் சிறு தூரிகையை நாடோறும் வழங்குக. நோவில்லை என்று எண்ணிக் குருதிக் கசிவைப் புறக்கணியாதொழிக. பல் பொருத்திய நாளின் எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வைத்து, வைத்தியர் குறிக்கும் தவணைதோறும் சென்று காட்டுக. எனக்கு நான்கு திங்களுக்கு ஒருமுறை தவணை. அடுத்த தவணை, தேர்வுகள் முடிந்த மறுவாரம்.