ஆளில்லாத அரங்கில் ஒரு கச்சேரி

லீவுக்கு வந்திருந்த பேரன் ஒரு நாள் சாயங்காலம் டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "தாத்தா, கொஞ்சம் சத்தமா இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டான். எழுபத்து நாலு வயதில் காது பாதி மந்தம். சத்தமாக இருந்தால் எனக்கு உபகாரம்தான். "போடு, போடு" என்றேன்.

திரையில் பழைய கல் அரங்கு ஒன்று தெரிந்தது. வட்டமாகப் படிகள், ஒரு ஆள் கிடையாது. நடுவில் நாலு இளைஞர்கள் வாத்தியங்களோடு நிற்கிறார்கள். ஆழக் கிணற்றில் ஒரு சொட்டு நீர் விழுந்தது போல ஒரு ஒலி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சொட்டு.

"எக்கோஸ்" என்றேன் நான்.

பேரன் திரும்பிப் பார்த்த பார்வையை நான் ரொம்ப நாளைக்கு மறக்க மாட்டேன். சீர்காழி, டி.எம்.எஸ். தவிர வேறு பாட்டு அறியாத தாத்தா, பிங்க் ஃபிளாய்டின் பாட்டை ஒரே ஒலியில் கண்டுபிடித்துவிட்டார்! "உங்களுக்கு எப்படி தாத்தா தெரியும்?" என்றான். "முதல்ல படத்தைப் பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன். பதில் சொல்வதைத் தள்ளிப்போடுவது முப்பத்தேழு வருஷம் கவர்ன்மென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கைவந்த கலை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெய் நகரத்து இடிபாடுகளில் எடுத்தது. இயக்குநர் ஏட்ரியன் மேபன். அந்த வருஷம் கோடையில் பொம்பெய்யைச் சுற்றிப் பார்க்கப் போனவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டாராம். அதைத் தேடிச் சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தபோது, ஆளில்லாத அந்த அரங்கின் அமைதி அவரைப் பிடித்துக்கொண்டது. இங்கே பிங்க் ஃபிளாய்டை வாசிக்க வைத்துப் படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. கேட்க ஒருவரும் வேண்டாம் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. அந்தக் காலத்து ராக் கச்சேரிப் படங்களில் பாதி நேரம் கூட்டத்தைத்தான் காட்டுவார்கள். இதில் கூட்டமே கிடையாது.

இதில் எனக்குப் பிடித்தது, எதையும் ஒப்பேற்றவில்லை என்பது. பாட்டை முன்பே பதிந்து வைத்துக்கொண்டு வாயசைக்க அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கேயே வாசித்து அங்கேயே பதிவு. அதற்காக லண்டனிலிருந்து சாமான்கள் அத்தனையும் லாரியில் வந்தன. பெட்டிகளின் மேல் குழுவின் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதியிருப்பதைக் காமிரா நிதானமாகக் காட்டுகிறது. எல்லாம் வந்து இறங்கிய பிறகு பார்த்தால், இடிபாட்டில் அவ்வளவு கருவிகளுக்கு வேண்டிய கரண்ட் இல்லை! ஊருக்குள்ளிருந்து நீளமாகக் கேபிள் இழுத்து வர வேண்டியதாயிற்று. அதிலேயே சில நாட்கள் போய்விட்டன. மீதி இருந்த நாலு நாளில் எடுத்ததுதான் இந்தப் படம்.

இன்னொன்று. 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' என்ற பாட்டில் காமிரா ஏறக்குறைய முழு நேரமும் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன் மேலேயே இருக்கிறது. மற்றவர்களை எடுத்த படச்சுருள்கள் காணாமல் போனதுதான் காரணம். கோப்பு காணாமல் போனால் என்ன செய்வோம் என்று எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தெரியும். கையில் இருக்கும் நாலு தாளை வைத்து ஒப்பேற்றுவோம், மேலதிகாரி முகத்தைப் பார்க்க மாட்டோம். இங்கே அந்த நஷ்டமே லாபமாகிவிட்டது. வாசிப்பு உச்சத்தில் இருக்கும்போது மேசனின் கையிலிருந்து ஒரு குச்சி பறந்துவிடுகிறது. மனுஷர் தாளம் தப்பாமல் இன்னொரு குச்சியை எடுத்துக்கொள்கிறார். பேரன் அதை மூன்று தடவை போட்டுக் காட்டினான்.

படம் முழுக்க பொம்பெய் அல்ல. சில பாட்டுகளை அதே டிசம்பரில் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அதில் ஒன்றில் பாடுவது ஒரு நாய். பாரிஸில் பேர்பெற்ற புக்லியோன் சர்க்கஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒல்லியான பெரிய நாய். ரிச்சர்ட் ரைட் அதன் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, கில்மோர் மௌத்தார்கன் ஊத, அது முகத்தை உயர்த்தி ஊளையிடுகிறது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் இவ்வளவு சத்தமா?" என்றாள். பின்னால் சேர்த்த காட்சிகளில் லண்டன் ஸ்டூடியோவின் கேன்டீனில் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். மேசன், மேல் ஓடு இல்லாத ஆப்பிள் பை கேட்டு மன்றாடுகிறார். பக்கத்து அறையில் உருவாகிக்கொண்டிருந்தது 1973-இல் வெளிவந்து உலகத்தையே ஆட்டி வைத்த 'த டார்க் சைடு ஆஃப் த மூன்'.

அந்த அரங்குக்கும் ஒரு கதை உண்டு. கி.மு. 70 வாக்கில் கட்டியது. இன்று வரை நிற்கும் ரோமானியக் கல் அரங்குகளில் அதுவே பழையது என்பார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் பேர் உட்காரலாம். கி.பி. 59-இல் உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊரான நுக்கேரியாவிலிருந்து வந்தவர்களும் அங்கே அடித்துக்கொண்டு பல பேர் செத்துப்போனார்கள். ரோம் செனட் பத்து வருஷத்துக்கு அங்கே ஆட்டங்களுக்குத் தடை போட்டது. அப்புறம் 79-இல் வெசூவியஸ் எரிமலை எல்லா ஆட்டத்தையும் நிறுத்திவிட்டது. எங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மண்ணைத் தோண்டியபோது இத்தாலியச் சிவப்புப் பாண்டங்கள் கிடைத்தன. பொம்பெய்யில் தோண்டியபோது நம் நாட்டுத் தந்தப் பொம்மை ஒன்று கிடைத்தது. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று சாமான் போய்வருவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

இப்போது பேரனுக்குச் சொன்ன பதில்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா கொடுக்கவில்லை. "இந்த மண்ணை விட்டு எங்கே போறது?" என்றார். எனக்குப் பதினோரு வயது. அப்பா எதுவோ அதுதான் நான். அண்ணனுக்குப் பத்தொன்பது. தானே முடிவு செய்யும் வயது. அப்பாவிடம் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரே வீட்டில், ஒரே தட்டுவரிசையில் சாப்பிட்ட நாங்கள் இரண்டு தேசத்துக்காரர்கள் ஆனோம். அடுத்த வருஷம் அண்ணன் கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் சொல்தாவாக இருந்தான், அப்புறம் பாரிஸுக்குப் பக்கத்தில் கார் தொழிற்சாலை.

1973-இல் முதல் தடவை லீவில் வந்தான். அம்மாவுக்கு ஸ்வெட்டர் (புதுச்சேரி வெயிலில்!), தங்கைக்கு சென்ட், எனக்கு ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரும் ஒரே ஒரு பிளேட்டும். அட்டையில் தண்ணீருக்குள் ஒரு காது, அதன் மேல் வட்ட வட்டமாக அலைகள். 'மெடல்' என்ற அந்த எல்.பி.யின் முதல் பக்கம் காற்றுச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். அப்பா திண்ணையிலிருந்து, "புயல் எச்சரிக்கையா?" என்று கேட்டார். இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிஷம். அதுதான் எக்கோஸ். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அப்போது இங்கிலீஷ் பாட்டில் ஒரு வரி புரியாது. ஆபீசில் இங்கிலீஷ் கோப்புகளோடு பகல் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்து, ராத்திரி இருட்டில் அதைக் கேட்பேன். புரிய வேண்டிய அவசியம் இல்லாத இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

1979-இல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். நாள் நெருங்கியும் வரவில்லை. நான் இரண்டாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தை நடத்தினேன். கல்யாணம் முடிந்த மறுநாள், ரெக்கார்டு பிளேயரையும் பிளேட்டையும் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடையில் விற்றேன். பிளேயருக்கு நூற்றைம்பது, பிளேட்டுக்கு நாற்பது. அந்தப் பணத்தால் கடன் அடையாது என்று எனக்குத் தெரியும். கோபத்தில்தான் விற்றேன். மூன்று வாரம் கழித்து அண்ணனுடைய பணம் வந்தது. கூடவே கடிதம்: தொழிற்சாலையில் கை நசுங்கி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

1984-இல் திரும்ப வந்தபோது, "அந்தப் பிளேட்டை எடுடா, கேட்போம்" என்றான். "கரையான் அரிச்சிடுச்சுண்ணே" என்றேன்.

"தட்டையுமா?" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரையான் அட்டையை அரிக்கும், தட்டை எப்படி அரிக்கும்? பொய் சொல்லக்கூட யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். அப்புறம் நாலைந்து தடவை வந்திருக்கிறான். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2020 ஏப்ரலில் அண்ணன் பிரான்சில் இறந்துபோனான். விமானம் கிடையாது. இறுதிச் சடங்கைச் செல்போனில் பார்த்தோம். பெரிய கூடம், நாலே பேர் நின்றிருந்தார்கள், மீதி நாற்காலிகள் காலி.

படத்தின் கடைசியில் எக்கோஸின் மீதிப் பாதி வருகிறது. கில்மோரும் ரைட்டும் காலிப் படிகளைப் பார்த்துக்கொண்டு சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகிறது. ரைட் 2008-இல் இறந்துவிட்டார். 2016-இல் கில்மோர் மட்டும் அதே அரங்குக்குத் திரும்பப் போய், இந்த முறை ஜனங்களுக்கு முன்னால் வாசித்தார் என்று பேரன் சொன்னான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"புதுசாவே அந்த ரெக்கார்டு கிடைக்குது தாத்தா, வாங்கித் தரட்டா?" என்றான். வேண்டாம் என்றேன்.

ஆனால் ஒன்று செய்தேன். அண்ணன் மகனுக்கு அன்று ராத்திரியே பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி மெயிலில் அனுப்பச் சொன்னேன். ரெக்கார்டு, கல்யாணம், நாற்பது ரூபாய், கரையான் எல்லாவற்றையும் எழுதினேன். உன் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியது, உன்னிடம் சொல்கிறேன் என்று முடித்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் புரியவில்லையாம். வீட்டில் அப்பா இந்த மாதிரி இசையை ஒரு நாளும் போட்டதில்லை, கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.எம்.எஸ்., சீர்காழி கேசட்டுகள்தான். இந்தக் குழுவின் பெயரையே அப்பா வாயால் கேட்டதில்லை என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பாரிஸில் ஏதோ ஒரு கடையில் நின்று, இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கடைக்காரனைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.