ஆடுவோரைத் தேரும் காலம்

தை பிறந்துவிட்டால் எங்கள் காங்கேயத்து உழவர், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையை எண்ணிக் காளைகளுக்குத் தீனியைக் கூட்டத் தொடங்குவர். நாட்டியம் பயிலும் எம்மனோர்க்கும் அஃது ஒருவகைச் சந்தைக் காலமே. கலைவிழாக்களுக்கும் நாட்டிய நாடகக் குழுக்களுக்கும் ஆள் தெரிந்தெடுப்பது அப்பொழுதுதான். சந்தையிற் காளையின் பல்லை எண்ணுவர், சுழி பார்ப்பர், திமிலைத் தடவுவர், சற்று நடத்தியும் பார்ப்பர். நடுவர்முன் நிற்கும் எமக்கும் ஏறத்தாழ இதுவே நிகழ்கின்றது. பல் ஒன்றுதான் எண்ணப்படுவதில்லை!

இத்துன்பம் இன்று தோன்றியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடங்கேட்டபோது, ஏனை மாணாக்கர் அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று குறித்துக்கொண்டிருக்க, யான் மாதவியின் வயதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழன்முன் ஆடித் தலைக்கோற் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். முன்னாள் இரவு அச்சிறுமி உறங்கினாளோ இல்லையோ, அடிகள் கூறாது விட்டார். என் போன்றார்க்கு வேண்டுவது அச்செய்தியே.

மேனாட்டிற் பாலே என வழங்கும் ஆடலிலும் நிலை இதுவே. 1881-இல் உருசியாவிற் பிறந்த அன்னா பாவ்லோவா அம்மையார், பீட்டர்சுபர்க்கு நகரத்து அரச நாட்டியப் பள்ளிக்கு முதன்முறை சென்றபோது, வயது போதாதென்றும் உடல் மெலிவென்றும் திருப்பி அனுப்பப்பட்டார், 1891-இலேதான் சேர்த்துக்கொண்டனர். பின்னாளில் அவரது ஆடலைக் கண்டு வியந்த ருக்மிணி தேவியார், அக்குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பாரிடம் பாலே பயின்றார். நும் நாட்டுக் கலையை நாடுக என்று பாவ்லோவா அம்மையார் கூறியது அவர் உள்ளத்திற் பதிந்தது. அடையாற்றில் 1936-இற் கலாக்ஷேத்திரம் எழுந்தது. மெலிந்தவளென்று தள்ளப்பட்ட ஒரு சிறுமி நம் சென்னையில் ஒரு நாட்டியப் பள்ளி தோன்றுதற்கு ஒரு காரணமாயினாள் என்பது, மனந்தளர்ந்த பொழுதெல்லாம் யான் நினைத்துக்கொள்ளும் செய்தி.

மனந்தளரவும் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு குழுவினர் என்னைச் சுவரருகே நிறுத்தி அளந்து, உயரம் போதாதென்று, ஓர் அடவேனும் ஆடுமுன்னரே அனுப்பிவிட்டனர். மூன்று நாள் சலங்கையைத் தொடவில்லை. நான்காம் நாள் அம்மிச்சிதான், “ஏங் கண்ணு, சந்தைக்கு ஓட்டிப்போன மாடெல்லாம் அன்னிக்கே வித்துப்போகுதா? வெலை படியலைன்னா ஊட்டுக்கு ஓட்டியாந்து மறுக்கா ஏர்ல பூட்டறதில்லையா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

இவ்வாண்டு சில ஒழுங்குகளை மேற்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு முந்திய வாரத்திற் புதிய உருப்படி எதனையும் தொடுவதில்லை. கொப்பரை உலர்த்தும் களம் அகன்றதேனும் அதன் காரைத்தரை முழங்காலுக்கு ஆகாது. ஆதலின் வீட்டின் பின்புறத்து மண்தரையிலேயே தட்டடவை மூன்று காலத்திலும் ஆடுகிறேன். அரைமண்டியில் தொடை நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் ஆடினாற் பிழைகளே பழகும். நடுவர் நம்மைப் பார்ப்பது சில நிமிடமே. முதலடவிற் கால் உறைத்து விழுந்தால் அச்சம் பாதி நீங்குகின்றது. அதனால் தொடக்கத்தையே பன்முறை ஆடிப்பார்க்கிறேன்.

வரும் சனிக்கிழமை ஈரோட்டில் அடுத்த தேர்வு. இம்முறையும் சுவரருகே நிற்கச் சொன்னால் நிற்பேன். அளந்து முடித்த பின்னர், ஓர் அலாரிப்பு ஆடுதற்கு இசைவு கேட்பதென்று இருக்கிறேன்.