சுருதி சேர்க்கும் பத்து நிமிடங்கள்

முனிர்கா ஊருக்குள் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கின்றன. சந்தில் நின்று அண்ணாந்தால் மின்கம்பிகளுக்கிடையே ஒரு முழம் வானம் தெரியும். அங்கே நான்காம் மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறார் கும்பகோணத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர். சோழர் கால ஊராட்சியும் ஏரிப் பராமரிப்பும் அவருடைய ஆய்வுப் பொருள். பத்து வயது முதல் பாட்டும் பயின்றவர். இருந்தும் மேடை என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு ஒரு கோயில் விழாவில் பாடும்போது இரண்டாம் சரணம் நினைவிலிருந்து அப்படியே நழுவிப் போயிற்று. மூன்றாம் சரணத்துக்குத் தாவி ஒப்பேற்றினார். யாரும் அதைக் கேட்கவில்லை. அவருக்கோ இரண்டு மாதம் உறக்கம் கெட்டது. அதன்பின் வந்த ஒரு கருத்தரங்கில் தம் கட்டுரையைத் தோழி ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தார். கட்டுரைக்கு நல்ல பாராட்டு. பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டபோது, தாம் பெற்ற பிள்ளையை வேறொருவர் இடுப்பில் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

இதில் அவருக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. இலண்டனில் மாணவராயிருந்த காந்தி, வெண்ட்னரில் நடந்த சைவ உணவாளர் கூட்டமொன்றில் தாமே எழுதிச் சென்ற உரையைப் படிக்க முடியாமல் நின்றார். உடன் சென்ற மஜும்தார் அதை வாசித்துக் கொடுத்தார். பம்பாயில் தமது முதல் வழக்கில் எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். அதே மனிதர் 1893இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் கூட்டத்தில் தம் முதல் பொது உரையை ஆற்றினார். இடையில் அவர் பேச்சுப் பயிற்சி பெற்றதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே பேசவேண்டிய பொருள் அவர் முன்னே உட்கார்ந்திருந்தது: அந்த மக்களின் வாணிபத்தில் உண்மை, அவர்கள் வாழ்விடத் தூய்மை, அவர்கள் படும் இழிவு. தம்மைப் பற்றி நினைக்க அவருக்கு அன்று இடமிருந்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது.

மாணவி முதலில் நாடியது கைப்பேசிச் செயலியை. மனத்தை அடக்கி அமைதியாவதே மனவிழிப்பு என்று எண்ணிக் கண்ணை மூடினார். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார், அடுத்த அறையில் குக்கர் விசில், மேலே விமானம். ஒரு வாரத்தில் அமைதியும் வரவில்லை, அமைதி வரவில்லையே என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொண்டது. பிழை செயலியினுடையதன்று. இப்பயிற்சியை 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குக் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் நோயாளிகளிடம் வலியை ஓட்டச் சொல்லவில்லை, வலியைக் கவனிக்கச் சொன்னார். பௌத்தத்தில் இதற்குப் பெயர் ‘ஸதி’. அப்பாலிச் சொல்லின் வேர்ப்பொருள் நினைவு. சரணம் மறந்துபோன ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடைக்காது!

வழி காட்டியவர் ஊரிலிருந்த பாட்டு டீச்சர்தான். தொலைபேசியில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “நீ பாடாதேம்மா. தினம் பத்து நிமிஷம் சுருதியை மட்டும் கேளு” என்றார்.

“அது போதுமா டீச்சர்?”

“மொதல்ல கேளு. அப்புறம் சொல்லு.”

தம்புரா மீட்டிய காலத்தில் கச்சேரிக்கு முன் இந்தக் கேட்டல் தானாகவே நடந்தது. நான்கு தந்திகளையும் முறுக்கி, மணியை நகர்த்தி, குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூலைச் சரிசெய்து, ரீங்காரம் விளையும்வரை பாடகரின் செவி வேறெங்கும் போகாது. இன்று மின்சுருதிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் நொடியில் சுருதி ஒலிக்கிறது. வசதிதான். ஆனால் அந்தக் காத்திருப்பும் அதனோடு போயிற்று. அவையோரை எண்ணி அஞ்ச அவ்வளவு நேரம் மிச்சமாகிறது.

மாணவி மின்பெட்டியையே வைத்துக்கொண்டு கேட்டார். மோட்டார் ஒலி செவியை இழுக்கும். இழுத்தது தெரிந்ததும் ஷட்ஜத்துக்குத் திரும்புவார். ஒரு மாலையில் ஐம்பது முறை திரும்பவேண்டியிருந்தது. அந்தத் திரும்புதலே பயிற்சி என்பது மூன்றாம் வாரத்தில்தான் பிடிபட்டது. பிறகு பேச்சுக்கும் அதையே வைத்துக்கொண்டார். அச்சத்தில் மூச்சு மேல்மார்புக்கு ஏறிக் குறுகிவிடும், குரலுக்கோ நீண்ட வெளிமூச்சு வேண்டும். ஆகவே முதல் வாக்கியத்துக்கு முன் ஒரு நீண்ட வெளிமூச்சு, பாதம் தரையில் படுவதை உணர்தல், பிறகு பொருள்.

படபடப்பை அடக்குவது தேவையில்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறுமுன் “அமைதியாய் இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட “உற்சாகமாய் இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சே மேலாக மதிப்பிடப்பட்டது. சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் காட்டியது இன்னும் ஆறுதலானது: பேசுபவரின் நடுக்கம் அவர் நினைக்குமளவு அவையோருக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே அறிந்தவர்கள் நன்றாகவும் பேசினார்கள். கோயிலில் மறந்த சரணத்தை யாரும் கேட்காததன் காரணம் மாணவிக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் துறையில் உரையாற்றும் நாள் வந்தது. இம்முறை வாசிக்கத் தோழி இல்லை. உள்ளங்கை வியர்த்தது, முழங்கால் நடுங்கியது. எதுவும் குறையவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு வந்தபோது, வேடிக்கையைப் பாருங்கள், ‘ஏரி வாரியம்’ என்ற சொல்லே வாயில் வரவில்லை. பழைய நாளாயிருந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருப்பார். இப்போது நின்றார். பாதத்தை உணர்ந்தார், தண்ணீர் குடித்தார், திரையிலிருந்த கல்வெட்டுப் படத்தைப் பார்த்தார். சொல் வந்தது. தொடர்ந்தார்.

முடிந்ததும் ஒரு பேராசிரியர் கேட்டார்: வாரியத்தில் உறுப்பினராகும் தகுதி நிலமும் கல்வியும் உடையோர்க்கு மட்டும் என்றால், ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவர்கள் யார்? அவர்களைப் பற்றிக் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன?

“அதற்கு என்னிடம் இன்னும் முழு விடை இல்லை ஐயா, தேடுகிறேன்” என்றார் மாணவி. குரல் சற்று நடுங்கிற்று. மறுநாள் காலை நூலகம் திறக்குமுன்பே கல்வெட்டுத் தொகுதிகளின் பட்டியலோடு வாசலில் நின்றிருந்தார்.