ஒருவகை மீன்

அயிரை, ஆரல், கெண்டை, வரால், வாளை என மீன்களின் பெயர்கள் பழந்தமிழ்ச் செய்யுட்களில் நிரம்பக் காணப்படும். அவற்றிற்கு உரைநூல்களும் அகராதிகளும் பெரும்பாலும் "ஒருவகை மீன்" என்றே பொருள் கூறி அமையும். கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் யான் தமிழாசிரியனாய்ப் பணிபுரிந்த நாளில், "ஐயா, அஃது எந்த வகை?" என்று மாணவர் வினவுவர். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் அல்லர் அவர். மாரியில் நிரம்பிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்களையே அறிந்தவர். ஆயினும் அது மிக நல்ல வினா. அத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார் ஓர் அறிஞர்.

அவர் சுந்தர்லால் ஹோரா. 1896ஆம் ஆண்டு பஞ்சாபில் பிறந்த அவர், இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, 1947 முதல் 1955இல் மறையும்வரை அதன் இயக்குநராக விளங்கினார். மலையோடைகளின் கடும் ஓட்டத்தில் சிறுமீன்கள் அடித்துச் செல்லப்படாமல் வாழ்வது எங்ஙனம் என்று அவர் ஆராய்ந்தார். சில மீன்கள் தட்டையான உடலால் பாறையோடு படிந்து கிடக்கும். சிலவற்றின் வாய்க்குக் கீழே பாறையைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. வாழும் நீரின் இயல்புக்கு ஏற்ப மீனின் உடல் அமைந்திருத்தலை இவற்றால் அவர் விளக்கினார். மீனின் வடிவுக்கும் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சுசுருதர் முன்னரே கருதியிருத்தலையும் எடுத்துக்காட்டினார்.

இத்தகைய பாடம் நம் கண்மாயிலும் உண்டு. வரால் நீரின்மேல் வந்து காற்றை உட்கொள்ளும். ஆதலின் நீர் வற்றிச் சேறாகும்பொழுதும் சிலகாலம் உயிர் தாங்கும். தன் குஞ்சுகளை அருகிலேயே இருந்து காக்கவும் செய்யும்.

இங்ஙனம் உற்றுநோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. வெள்ளம் வருமுன் தவளை கூவுதலையும், நண்டு தன் வளையை அடைத்தலையும் முக்கூடற்பள்ளு குறிகளாகக் கூறுகின்றது. அம்முக்கூடல், சிற்றாறு பொருநையொடு கலக்கும் சீவலப்பேரியே ஆகும். அங்கிருந்து குழாய்வழி வரும் நீரையே கோவிற்பட்டி மக்கள் பருகி வருகின்றனர். ஆறில்லாத ஊரினராகிய நாமும் ஆற்றுக்குக் கடன்பட்டவர் அல்லமோ?

இன்று பொருநையில் கழிவுநீர் கலக்கின்றது. ஆற்று மணலை அள்ளிவிட்டால், மணலில் புதைந்து வாழும் அயிரைக்கு இடம் ஏது? நீரின் கேட்டை முதலில் மீன் உணரும். பின்னர் அந்நீரைப் பருகும் நாம் உணர்வோம். மாணவர்களே! இவ்வாண்டு நும் ஊர்க் கண்மாய் நிறையும்பொழுது கரையில் அமர்ந்து நோக்குங்கள். எந்த மீன் எவ்விடத்தில் வாழ்கின்றது, எதை உண்கின்றது, நீர் வற்றுங்கால் என் செய்கின்றது என்பவற்றைக் குறித்து வையுங்கள். நன்கு அறிந்த உயிரையே மனிதர் காக்க முற்படுவர்.